3.45 பெரியதா, 3.5 பெரியதா? தசம எண்களைப் பிள்ளைக்கு விளங்கவைப்பது எப்படி

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் முழு எண்களில் நன்றாகக் கணக்குப் போடுகிறான். தசமம் வந்ததும் தடுமாறுகிறான். 3.5-ஐவிட 3.45 பெரியது என்கிறான். 0.2 × 0.3 = 0.6 என்று எழுதுகிறான். பெருக்கினால் விடை எப்படிச் சிறியதாகும் என்று அவன் கேட்டால் எனக்கும் பதில் தெரியவில்லை. புள்ளியை நகர்த்தும் விதிகளை மனப்பாடம் செய்யவைப்பதுதான் வழியா? கால்குலேட்டர் கொடுக்கலாமா?

பதில்:

மனப்பாடம் வேண்டாம். மனப்பாடம் செய்த விதி அடுத்த தேர்வுவரை தாங்கும். தசமத்தால் வகுக்கும் பாடம் வந்ததும் கூட்டல் விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். உங்கள் மகன் செய்யும் தவறுகள் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. அந்த வேரைச் சரிசெய்தால் போதும்.

அவன் 3.45-ஐ ஓர் எண்ணாகப் பார்க்கவில்லை. புள்ளிக்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 45 என்று இரண்டு எண்களாகப் பார்க்கிறான். 3-உம் 3-உம் சமம், 45 என்பது 5-ஐவிடப் பெரியது, எனவே 3.45 பெரியது. அவன் எடுத்துக்கொண்ட அடிப்படை சரியென்றால் இந்த முடிவும் சரிதான். பிள்ளை கவனக்குறைவாக இருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் யோசித்துத்தான் சொல்கிறான்; யோசிக்கத் தொடங்கிய இடம்தான் தவறு.

இப்படிப் பார்க்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவனைச் சுற்றியிருக்கும் உலகம்தான். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கிறான். 4.3 ஓவரில் 37 ரன் என்று திரையில் வருகிறது. இங்கே உண்மையிலேயே இரண்டு எண்கள் இருக்கின்றன: 4 முழு ஓவர், 3 பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் 3 பந்து என்பது அரை ஓவர். தசமத்தில் எழுதினால் அது 4.5 ஓவர். ரன் விகிதம் காண 37-ஐ 4.3-ஆல் வகுத்தால் 8.60 வரும், திரையில் 8.22 என்று இருக்கும். திரையில் இருப்பதே சரி, ஏனென்றால் அங்கே 37-ஐ 4.5-ஆல் வகுத்திருக்கிறார்கள். ஓவர் கணக்கில் 4.5-க்கு அடுத்த பந்து வீசியதும் 5 ஆகிவிடுகிறது, 4.7, 4.8 என்று எதுவும் கிடையாது. புள்ளி போட்டு எழுதினாலும் அது தசம எண் அல்ல.

நாளிதழில் மாலை 6.30 மணிக்குக் கூட்டம் என்று அச்சிடுகிறார்கள். அந்த 30 நிமிடம் அறுபதில் முப்பது, அதாவது ஆறரை மணி, தசமத்தில் 6.5. ஒருவர் உயரம் 5.6 அடி என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார். அவர் சொல்ல வருவது 5 அடி 6 அங்குலம், தசமத்தில் 5.5 அடி. இதே முறையில் 5.1 அடி என்று எழுதுபவருக்கும் 5.10 அடி என்று எழுதுபவருக்கும் ஒன்பது அங்குல வித்தியாசம் இருக்கிறது. தசமத்திலோ இரண்டும் ஒரே எண். இன்னும் வருத்தமான செய்தி, கணக்குப் புத்தகத்திலேயே பயிற்சி 1.9-க்குப் பிறகு பயிற்சி 1.10 வருகிறது. இவ்வளவையும் தினமும் பார்க்கும் பிள்ளை புள்ளியை இரண்டு எண்களைப் பிரிக்கும் கோடு என்று நினைப்பதில் வியப்பில்லை. எனவே முதல் வேலையாக, இவற்றை அவனுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். "இங்கே புள்ளி இருக்கிறது, ஆனால் இது தசமம் இல்லை. ஏன் என்று சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். ஆறு பந்துக்கு ஓர் ஓவர், அறுபது நிமிடத்துக்கு ஒரு மணி, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஓர் அடி என்று அவனே சொல்லிவிடுவான். பத்துக்கு ஒன்று என்று மாறினால்தான் தசமம் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி 3.45 என்பது என்ன என்று பார்ப்போம். முழு எண்ணில் 345 என்றால் 3 நூறு, 4 பத்து, 5 ஒன்று. ஒவ்வோர் இடமும் தனக்கு வலப்பக்க இடத்தைப்போல் பத்து மடங்கு. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் இடமதிப்பை இப்படித்தான் வரையறுத்தார். அதையே மறுபக்கமிருந்து சொன்னால், வலப்பக்கம் போகப்போக ஒவ்வோர் இடமும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நூறு, பத்து, ஒன்று என்று வந்து ஒன்றோடு நின்றுவிட வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று, பிறகு ஆயிரத்தில் ஒன்று. முறை மாறவில்லை, அதே பத்து தொடர்கிறது. 3.45 என்றால் 3 ஒன்றுகள், பத்தில் ஒன்றுகள் 4, நூறில் ஒன்றுகள் 5. புள்ளியின் வேலை ஒன்றே ஒன்று: எனக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் ஒன்றாம் இடம் என்று காட்டுவது.

சில பிள்ளைகள் நல்ல கேள்வி கேட்பார்கள்: இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு என்று இருக்கிறதே, வலப்பக்கம் ஏன் நேராகப் பத்தில் ஒன்றிலிருந்து தொடங்குகிறது? நடுவில் இருப்பது புள்ளி அல்ல, ஒன்றாம் இடம் என்பதுதான் பதில். ஒன்றாம் இடத்துக்கு ஒருபக்கம் பத்து, மறுபக்கம் பத்தில் ஒன்று. இன்னும் ஓர் எட்டு வைத்தால் ஒருபக்கம் நூறு, மறுபக்கம் நூறில் ஒன்று. புள்ளியை நடுவில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தச் சமச்சீர் தெரியாது.

முழு எண்களை இடமதிப்பில் எழுத மனிதர்கள் கற்றுக்கொண்ட பிறகும், அதை வலப்பக்கம் நீட்டும் எண்ணம் பரவப் பல நூற்றாண்டுகள் ஆயின. பத்தாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி தசமப் பின்னங்களைப் பயன்படுத்தினார். சமர்கந்தில் இருந்த அல்-காஷி 1427-இல் எழுதி முடித்த கணித நூலில் அவற்றை முறையாக விளக்கினார். ஐரோப்பாவில் அதைச் சந்தைக்கும் பட்டறைக்கும் கொண்டுவந்தவர் சைமன் ஸ்டெவின். 1585-இல் லெய்டன் நகரில் டச்சு மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வானியலாளர், நிலம் அளப்பவர், கம்பளம் அளப்பவர், ஒயின் பீப்பாய் அளப்பவர், வணிகர் ஆகியோரைப் பெயர் சொல்லி அழைத்து, பின்னங்களோடு மல்லுக்கட்டாமல் முழு எண்களைப்போலவே கணக்குப் போடலாம் என்று அதில் காட்டினார். இன்று நாம் போடும் புள்ளியை அவர் போடவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டமிட்டு, ஒன்றாம் இடத்துக்கு 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2 என்று குறித்தார். எழுதுவதற்குச் சிரமமான முறைதான். ஆனால் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. உங்கள் மகனை ஒரு வாரம் அப்படி எழுதவிடுங்கள்: 3-க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 0, 4-க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 1, 5-க்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 2. 45 என்று ஓர் எண் அங்கே தென்படவே தென்படாது.

வாசிக்கும்போதும் "மூன்று புள்ளி நாற்பத்தைந்து" என்று வாசிக்கவிடாதீர்கள். "மூன்று புள்ளி நான்கு ஐந்து" என்றே சொல்லட்டும். நாற்பத்தைந்து என்று வாய் சொன்னால் மனம் நாற்பத்தைந்தைத்தான் எண்ணும்.

ஒப்பிடுவதற்கு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டரும் பத்து மில்லிமீட்டராகப் பிரிந்திருக்கிறது. 3.5 செ.மீ. என்பது 3-க்கும் 4-க்கும் நடுவில் நீளமாக இருக்கும் கோடு. 3.4 அதற்கு முந்தைய கோடு. 3.45 எங்கே இருக்கும்? 3.4 கோட்டுக்கும் 3.5 கோட்டுக்கும் இடையில், சரிபாதியில். அங்கே கோடு இல்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 3.45-ஐக் கடக்காமல் 3.5-ஐத் தொட முடியாது என்பதை அவன் கண்ணால் பார்த்துவிடுவான். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: 3.4-க்கு அடுத்த எண் எது? 3.5 என்பான். இப்போதுதான் நடுவில் 3.45 இருந்ததே என்று காட்டுங்கள். 3.41 இருக்கிறது, 3.401 இருக்கிறது, 3.4001 இருக்கிறது. "அடுத்த எண்" என்பதே தசமத்தில் கிடையாது. முழு எண்களோடு வளர்ந்த மனத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. அதை அவன் அனுபவிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

ரூபாய்-பைசாவை வைத்துத் தசமத்தைத் தொடங்குவது நம் ஊரில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரூ. 3.45 என்பதை 3 ரூபாய் 45 பைசா என்று வாசிக்கிறோம்; அது மறுபடியும் இரண்டு எண்களாகப் பார்க்கும் பழக்கத்தையே வளர்க்கிறது. கால்குலேட்டரில் 3.5 என்று வந்தால் 3 ரூபாய் 5 பைசா என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். பணத்தில் எப்போதும் இரண்டே இடம் என்பதால் 3.5-உம் 3.456-உம் அவர்களுக்கு விநோதமாகத் தெரிகின்றன. போதாக்குறைக்கு 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போய்விட்டன. பைசாவைக் கையில் எடுத்துப் பார்க்காத தலைமுறைக்கு அதை உதாரணமாகச் சொல்வதில் பயன் குறைவு. அளவுகோலில் தொடங்கி, மளிகைக் கடைத் தராசுக்கு வந்து, பிறகு பணத்துக்கு வாருங்கள்.

ஆனால் பணத்தைத் தசமத்துக்கு மாற்றியதால் நமக்குக் கிடைத்தது என்ன என்பதை அவனுக்குக் காட்டத்தான் வேண்டும். 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. 3 ரூபாய் 11 அணா 8 பையோடு 2 ரூபாய் 9 அணா 7 பையைக் கூட்டச் சொல்லுங்கள். 8-உம் 7-உம் 15 பை. அதில் 12 போனால் ஓர் அணாவும் 3 பையும். 11-உம் 9-உம் வந்து சேர்ந்த ஒன்றும் 21 அணா; அதில் 16 போனால் ஒரு ரூபாயும் 5 அணாவும். ஆக 6 ரூபாய் 5 அணா 3 பை. ஓர் இடத்தில் பன்னிரண்டுக்கு ஒன்று, அடுத்த இடத்தில் பதினாறுக்கு ஒன்று, ரூபாய்க்கு வந்தால் பத்துக்கு ஒன்று என்று ஒரே கூட்டலில் மூன்று கணக்கு. கடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் இதைத்தான் தினமும் செய்தார்கள். ரூபாய் நூறு நயா பைசா ஆனதும் எல்லா இடத்திலும் பத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து சேர், வீசை, பலம் போய்க் கிலோவும் கிராமும் படிப்படியாக வந்தன.

கூட்டலும் கழித்தலும் சுலபம். ஒரே இடத்து இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான். 12.5 + 3.75 + 0.125 என்றால் புள்ளிகளை நேராக வைத்து, காலியிடங்களில் பூஜ்யம் போட்டு 12.500, 3.750, 0.125 என்று எழுதினால் 16.375. வலது ஓரத்தை நேராக்கி எழுதும் பழக்கம் முழு எண்களிலிருந்து வருகிறது. 5-க்குக் கீழே 5 வந்தால் பத்தில் ஒன்றோடு ஆயிரத்தில் ஒன்றைக் கூட்டிவிடுவான். 10-லிருந்து 3.47-ஐக் கழிக்கும்போது 10-ஐ 10.00 என்று எழுதவைத்தால் 6.53 தானாக வரும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புள்ளிக்கென்று தனிக் கட்டம் ஒதுக்கினால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

பெருக்கலில்தான் நிதானிக்க வேண்டும். 0.2 × 0.3-க்கு அதே கட்ட நோட்டில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்று வரையச் சொல்லுங்கள். மொத்தச் சதுரமும் 1. உள்ளே நூறு சிறு கட்டங்கள். பக்கவாட்டில் பத்தில் இரண்டு பங்கு, அதாவது இரண்டு நிரல்களை நீலத்தால் தீட்டட்டும். மேலிருந்து கீழாகப் பத்தில் மூன்று பங்கு, அதாவது மூன்று நிரைகளை மஞ்சளால் தீட்டட்டும். இரண்டு வண்ணமும் சேர்ந்து பச்சையாகத் தெரியும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு. நூறில் ஆறு. எனவே 0.06. பத்தில் ஒன்றை எடுத்து அதிலும் பத்தில் ஒன்றை எடுத்தால் நூறில் ஒன்றுதான் கிடைக்கும். "இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று கூட்டி, விடையில் அத்தனை இலக்கம் விடு" என்ற விதி இந்தப் படத்தின் சுருக்கம். படம் மனத்தில் இருந்தால் விதியை மறந்தாலும் மீட்டுக்கொள்ளலாம்.

பெருக்கினால் ஏன் சிறியதாகிறது என்று கேட்டீர்கள். பெருக்கல் என்றால் பெருகுவது என்று முழு எண்கள் நம்மைப் பழக்கிவிட்டன. 6 × 3 என்றால் ஆறை மூன்று தடவை எடுப்பது. 6 × 0.5 என்றால் ஆறை அரைத் தடவை எடுப்பது, மூன்றுதான் வரும். ஒன்றுக்கும் குறைவான தடவை எடுத்தால் முழுவதும் கிடைக்காது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதாகவே இருந்திருக்காது. அவர்கள் கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களோடு வளர்ந்தவர்கள். காலில் கால் வீசம், அதாவது பதினாறில் ஒன்று. நம் முறையில் 0.25 × 0.25 = 0.0625. அவர்கள் சொன்ன அதே வீசம்தான்.

இங்கே ஓர் அழகான விஷயம் இருக்கிறது. மா என்பது இருபதில் ஒன்று, 0.05. காணி எண்பதில் ஒன்று, 0.0125. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று, 0.003125. எல்லாமே தசமத்தில் மிச்சமில்லாமல் முடிந்துவிடுகின்றன. 320-ஐக் காரணிப்படுத்தினால் ஆறு 2-களும் ஒரு 5-உம் மட்டும்தான். பத்தும் 2-இன், 5-இன் பெருக்கல்தானே. எனவே சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் இல்லையென்றால் தசமம் முடியும். 3-ஓ 7-ஓ நுழைந்துவிட்டால் முடியவே முடியாது. மூன்றில் ஒன்று 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏழில் ஒன்று 142857 என்ற ஆறு இலக்கங்களைத் திரும்பத்திரும்பச் சொல்லும். நகைக்கடையில் இதை நேரில் பார்க்கலாம். 22 காரட் தங்கம் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று ஆறு முடிவின்றி வரும். ஆயிரத்துக்கு எத்தனை என்று மூன்று இடத்தோடு வெட்டினால் 916. முத்திரையில் இருப்பது அந்த எண்தான்.

கணினிக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அது இரண்டின் அடுக்குகளில் கணக்கிடுகிறது. அதற்கு 5 என்ற காரணியே அந்நியம். பத்தில் ஒன்று நமக்கு 0.1 என்று முடிந்துவிடுகிறது, அதற்கு முடிவதில்லை. பல நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான்.

வகுத்தலுக்கு வருவோம். முதலில் 7 ÷ 8-ஐப் போடச் சொல்லுங்கள். ஏழு ஒன்றுகளை எட்டுப் பேருக்குக் கொடுக்க முடியாது. எனவே 0 எழுதிப் புள்ளி வைக்கிறோம். ஏழு ஒன்றுகளைச் சில்லறையாக்கினால் எழுபது பத்தில் ஒன்றுகள். ஆளுக்கு 8, மீதி 6. அந்த ஆறைச் சில்லறையாக்கினால் அறுபது நூறில் ஒன்றுகள். ஆளுக்கு 7, மீதி 4. நான்கைச் சில்லறையாக்கினால் நாற்பது ஆயிரத்தில் ஒன்றுகள். ஆளுக்கு 5, மீதி இல்லை. விடை 0.875. மீதிக்குப் பக்கத்தில் பூஜ்யத்தை இறக்கு என்று இயந்திரத்தனமாகச் சொல்லாமல், ஒவ்வொரு பூஜ்யத்தின்போதும் "இப்போது எதைச் சில்லறையாக்கினாய்?" என்று கேளுங்கள்.

தசமத்தால் வகுப்பதற்கு ஒரே யோசனை போதும்: வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் ஒரே மடங்கு பெரிதாக்கினால் ஈவு மாறாது. 3 லிட்டர் எண்ணெயைக் கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? 3 ÷ 0.25. இரண்டையும் மில்லிலிட்டரில் சொன்னால் 3000 ÷ 250, பன்னிரண்டு. வகுத்தால் குறையும் என்று பழகியவனுக்கு மூன்று பன்னிரண்டாவது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் பாட்டில் சிறியதென்றால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும். அதேபோல 4.5 ÷ 0.15 என்றால் இரண்டையும் நூறு மடங்காக்கி 450 ÷ 15 = 30.

இதில் மீதி வரும்போது மட்டும் கவனம் தேவை. பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரு மீட்டர் ரிப்பனை 0.3 மீட்டர் துண்டுகளாக வெட்டுகிறோம். 1 ÷ 0.3 என்பதை 10 ÷ 3 ஆக்கினால் ஈவு 3, மீதி 1. மூன்று துண்டு சரி. ஆனால் மிச்சம் ஒரு மீட்டரா? முழு ரிப்பனே ஒரு மீட்டர்தானே! பத்து மடங்காக்கியபோது மீதியும் பத்து மடங்காகிவிட்டது. உண்மையான மிச்சம் 0.1 மீட்டர். ஈவு மாறாது, மீதி மாறும்.

பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர் என்ற பழைய பாடத்தையும் இப்போது திருத்தியாக வேண்டும். 2.5 × 10-ஐ 2.50 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. பூஜ்யம் சேர்ப்பது விளைவு மட்டுமே. நடப்பது, ஒவ்வோர் இலக்கமும் ஓர் இடம் இடப்பக்கம் ஏறுவது. 2 ஒன்றாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்குப் போகிறது, 5 ஒன்றாம் இடத்துக்கு வருகிறது. விடை 25. 2.50 என்பதும் 2.5 என்பதும் ஒரே எண்.

ஒரே எண் என்றாலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல எழுதலாம் என்று பொருளல்ல. நகைக்கடை ரசீதில் 7.850 கிராம் என்று எழுதுவது, மில்லிகிராம்வரை எடை பார்த்திருக்கிறோம் என்று சொல்கிறது. மருந்துச் சீட்டிலோ இதற்கு நேர்மாறான ஒழுங்கு. .5 மில்லிகிராம் என்று எழுதினால் புள்ளி மங்கி 5 என்று படிக்கப்படலாம். அதனால் முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். 5.0 என்று எழுதினால் 50 என்று படிக்கப்படலாம். அதனால் 5 என்று மட்டும் எழுத வேண்டும். இரண்டு பிழைகளும் மருந்தைப் பத்து மடங்காக்கிவிடும். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் ரசீது அனுப்பினால் அங்கே 1.250,50 என்று இருக்கும். அவர்கள் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் வைக்கிறார்கள். நம் முறையில் அது 1,250.50.

தோராய மதிப்பு பற்றி ஓரிரு வார்த்தை. 2.449-ஐ ஓரிடத் தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் முதலில் 2.45 ஆக்கி, பிறகு 2.5 ஆக்கிவிடுவார்கள். தவறு. ஒரே தடவையில், அடுத்த இலக்கத்தை மட்டும் பார்த்துச் சுருக்க வேண்டும், விடை 2.4. சுருக்குவதற்குப் பதிலாக எப்போதும் வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை சாட்சி. அங்கே 1982 ஜனவரியில் பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் ஒரு குறியீட்டெண்ணை 1000-இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்று தசம இடத்துக்குப் பிறகு வருவதை வெட்டிவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான இழப்புதான். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் அது 1098-க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

சதவீதமும் தசமம்தான். 18 சதவீதம் என்றால் 0.18. ஜி.எஸ்.டி. சேர்ந்து 1180 ரூபாய் என்ற ரசீதில் வரி நீங்கலான விலை என்ன என்று உங்கள் மகனிடம் கேட்டுப்பாருங்கள். பெரியவர்கள் பலரே 1180-இல் 18 சதவீதத்தைக் கழித்து 967.60 என்பார்கள். வரி சேர்த்தபோது விலை 1.18 மடங்கானது, எனவே 1.18-ஆல் வகுத்தால்தான் பழைய விலை, 1000 ரூபாய், கிடைக்கும்.

கடைசியாகக் கால்குலேட்டர். கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: பொத்தானைத் தொடுவதற்கு முன் உத்தேச விடையை அவன் வாயால் சொல்ல வேண்டும். 19.8 × 5.1 என்றால் கிட்டத்தட்ட 20 × 5, நூறு. திரையில் 100.98 வந்தால் சரி, 1009.8 வந்தால் புள்ளியை எங்கோ தவறவிட்டிருக்கிறான் என்று அவனுக்கே தெரியும். இதையே விளையாட்டாகவும் ஆக்கலாம். நீங்கள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இலக்கங்களை மட்டும் சொல்லுங்கள். புள்ளியை அவன் வைக்கட்டும். 6.4 × 0.49, இலக்கங்கள் 3136. ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, எனவே மூன்றை ஒட்டி: 3.136. அடுத்து 2.35 × 1.4, இலக்கங்கள் 329. இலக்கங்களை எண்ணிப் புள்ளி வைப்பவன் மூன்று இடம் விட்டு 0.329 என்பான், 2.35-ஐ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்தால் அது 2.35-ஐவிடக் குறையாதே என்று யோசிப்பவன் 3.29 என்பான். தாளில் பெருக்கினால் 3.290 வருகிறது, கடைசிப் பூஜ்யத்தைக் கால்குலேட்டர் விழுங்கிவிட்டது. இவை பழகியதும் 0.25 × 0.4-ஐக் கொடுத்து, இலக்கம் 1 மட்டும்தான் என்று சொல்லுங்கள். அவன் காலில் பாதிக்கும் குறைவு என்று யோசித்து 0.1 என்று சொல்லிவிட்டால், அடுத்த பாடத்துக்குத் தயங்காமல் போகலாம்.